ஜகதீஷ் சந்திர போஸ்

ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இந்திய இயற்பியலாளரும் தாவர உடலியங்கியல் அறிஞரும் ஆவார். மில்லிமீட்டர் அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். கலீனா என்னும் கனிமப் படிகத்தைக் கொண்டு இவர் அமைத்த அலை உணர்கருவிக்கு 1904 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. குறைக்கடத்திக் கருவிகளுக்கு வழங்கப்பட்ட காப்புரிமைகளுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்றாகும்.

இவரது வாழ்நாள் பணி இயற்பியல், தாவரவியல் என இரண்டாகப் பிரிந்து தோன்றினாலும் இரண்டிலும் அடிப்படையாக அமைந்தது ஒரே திறனே ஆகும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத மிகச் சிறிய ஆற்றலை உணரவும், அதனைச் சிறு மின்கலம் ஒன்றின் துணையோடு அளக்கவும் கூடிய கருவிகளை இவர் தாமே வடிவமைத்தார். மின்கலத்தை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் இயங்கும் இன்றைய குறைந்த மின்திறன் மின்னணுக் கருவிகளின் வரலாற்றைப் பேசும்போது இவர் பெயர் நினைவுகூரப்படுவதற்கு இதுவே காரணம்.

இவரைப் போஸ்-ஐன்ஸ்டைன் புள்ளியியலைத் தந்த சத்தியேந்திர நாத் போஸ், விடுதலைப் போராட்ட வீரர் சுபாஷ் சந்திர போஸ் ஆகியோருடன் குழப்பிக்கொள்ளுதல் ஆகாது. சத்தியேந்திர நாத் போஸ் இவருடைய மாணவர்.

பிறப்பும் இளமையும்

போஸ் அன்றைய வங்காள மாகாணத்தின் கிழக்குப் பகுதியில் பிறந்தார். அப்பகுதி இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தை பகவான் சந்திர போஸ் பிரம்ம சமாசத்தைச் சேர்ந்தவர். ஆங்கில அரசில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் அரசு அலுவலர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்தது. பகவான் சந்திரர் அதற்கு மாறாகத் தம் மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே தந்தையின் பணியாள் ஒருவரின் மகனும் மீனவர் ஒருவரின் மகனும் போஸின் பக்கத்தில் அமர்ந்து படித்தனர். விலங்குகள், செடிகொடிகள் பற்றிய ஆர்வம் அவர்களுடைய கதைகளைக் கேட்டே தமக்கு ஏற்பட்டதாகப் போஸ் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

1869 இல் கல்கத்தாவின் ஹேர் பள்ளியிலும் பின்னர் புனித சவேரியார் பள்ளியிலும் சேர்ந்தார். புனித சவேரியார் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஐரோப்பிய இயேசு சபைத் துறவி யூஜின் லாஃபோன், வகுப்பிலேயே செய்முறைச் சோதனைகளைச் செய்து காட்டுவதில் பெயர் பெற்றவர். அவரது தாக்கம் போஸிடம் இறுதிவரை இருந்தது.

1880 இல் மருத்துவம் பயில இலண்டன் சென்ற போஸுக்கு முன்பே இருந்த காய்ச்சல் அங்கு மோசமடைந்தது. பிணக்கூறாய்வு அறையின் நாற்றம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜின் கிறிஸ்து கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கு ரேலே பிரபு இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். 1884 இல் கேம்பிரிட்ஜ், இலண்டன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பட்டங்களையும் பெற்றார்.

ஊதியம் பெறாத மூன்றாண்டுகள்

1885 இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அப்பதவிக்கு இந்தியர் தகுதியற்றவர் என்பது கல்வித்துறை உயரலுவலர்கள் சிலரின் கருத்து. ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு உரியது என்பது விதி. போஸின் பணி தற்காலிகம் எனக் காட்டி அதிலும் பாதியே தர முன்வந்தனர். ஆக, ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு ஊதியம்.

போஸ் பதவி விலகவும் இல்லை, அந்த ஊதியத்தை ஏற்கவும் இல்லை. மூன்றாண்டுகள் ஒரு காசும் பெறாமல் நாள்தோறும் வகுப்பு நடத்தினார். தந்தை தொழில் முயற்சிகளில் பொருளை இழந்து பெருங்கடனில் இருந்த காலம் அது என்பதைக் கருதினால் இந்த மறுப்பின் கடுமை விளங்கும். இறுதியில் அரசு இறங்கி வந்தது. பணி நிலையாக்கப்பட்டு, முதல் நாளிலிருந்து முழு ஊதியமும் ஒரே தொகையாக வழங்கப்பட்டது. அத்தொகை குடும்பக் கடனைத் தீர்க்க உதவியது.

1887 இல் அபலா தாஸ் என்பவரை மணந்தார். அபலா, வங்காள அரசின் உதவித்தொகை பெற்று 1882 இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து மருத்துவம் பயின்றவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்பியவர். பிற்காலத்தில் பெண்கல்விக்காக 1919 இல் நாரி சிக்ஷா சமிதி என்னும் அமைப்பைத் தொடங்கினார்.

மில்லிமீட்டர் அலைகள்

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் மின்காந்த அலைகள் உண்மையில் உள்ளன என்று மெய்ப்பித்தார். ஆயினும் அவர் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. ஒளியைப் போலவே அவையும் எதிரொளிக்கும், விலகும், முனைவாக்கம் பெறும் என்று துல்லியமாகக் காட்டுவதற்குப் பெரிய அறையும் பெரிய ஆடிகளும் வேண்டியிருந்தன. போஸுக்கு அவ்வளவு இடம் இல்லை. கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஆய்விடம் குளியலறையை ஒட்டிய, ஏறத்தாழ 24 சதுர அடி அளவுள்ள சிற்றறை. அலையைச் சிறிதாக்கினால் கருவியையும் சிறிதாக்கலாம் என்ற வழியில் அவர் சென்றார். 1894 முதல், 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரையிலான அலைகளை உண்டாக்கினார். இன்றைய அளவில் கூறினால் இவற்றின் அதிர்வெண் 60 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும். கருவிகளை உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரைப் பயிற்றுவித்தே செய்துகொண்டார்.

இவரது அலைபரப்பியில் தூண்டுசுருளும் அதனை இயக்கும் சிறிய சேமக்கலமும் கையில் தூக்கிச் செல்லத்தக்க ஒரே தகரப்பெட்டிக்குள் அடங்கியிருந்தன. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொறி மட்டும் எழும். தொடர்ந்து பொறி எழுப்பும் வழக்கமான முறையை விட இதில் மின்கலத்தின் செலவு மிகக் குறைவு. அளவீடும் தெளிவாகக் கிடைத்தது.

அலைகளைத் திரட்ட இவர் பயன்படுத்திய புனல் வடிவக் குழாய் இன்றைய கொம்பு அலைவாங்கியின் முன்னோடி. உள்ளீடற்ற உலோகக் குழாய் வழியே அலையைச் செலுத்துவதும் இவர் கருவியில் இருந்தது. முனைவாக்கத்தைக் காட்ட இவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் சுவையானவை: முறுக்கிய சணல் கற்றை ஒன்று, ஏடுகளுக்கிடையே ஈயத்தாள் செருகிய பிராட்ஷா தொடர்வண்டிக் கால அட்டவணை ஒன்று.

1895 இல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் கம்பியில்லாமல் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். அதே ஆண்டு மே மாதம் வங்காள ஆசியவியல் கழகத்தில் முதல் ஆய்வுரையை வழங்கினார். 1896 இல் இலண்டன் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது. 1897 சனவரி 29 அன்று இலண்டன் அரச நிலையத்தின் வெள்ளி மாலைச் சொற்பொழிவை நிகழ்த்தினார்.

உணர்கருவிகள்

அலையை உண்டாக்குவதை விட உணர்வதே கடினம். வந்து சேரும் அலையின் ஆற்றல் மணியை அடிக்கவோ முள்ளை நகர்த்தவோ போதாது. அக்காலத்து ஆய்வாளர்கள் கோஹியரர் எனப்பட்ட கருவியைப் பயன்படுத்தினர். கண்ணாடிக் குழாயில் உலோகத் துகள்கள் அடைக்கப்பட்டிருக்கும். அவை இயல்பாக மின்தடை மிகுந்தவை. அதனால் மின்கலத்தை இணைத்து வைத்தாலும் மின்னோட்டம் ஏறத்தாழ இராது. அலை வந்து பட்டதும் தடை சட்டென்று குறைந்து, மின்கலத்திலிருந்து மின்னோட்டம் பாயும். மணியை அடிக்கும் ஆற்றல் மின்கலத்துடையது. அலை அதற்கு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவே. குறை என்னவென்றால், ஒருமுறை ஒட்டிக்கொண்ட துகள்களைத் தட்டிக் குலைத்தால்தான் அடுத்த அலையை உணர முடியும்.

போஸ் துகள்களுக்கு மாற்றாகச் சிறு எஃகுச் சுருள்வில்களை வரிசையாக அடுக்கினார். அவற்றின் அழுத்தத்தைத் திருகாணியால் மாற்றலாம். அவற்றின் வழியே செலுத்தும் மின்னழுத்தத்தையும் நுண்ணிதாகக் கூட்டிக் குறைக்கலாம். மின்னழுத்தம் மிகக் குறைந்தால் கருவி உணராது, மிகுந்தால் தானாகவே திறந்துகொள்ளும். இரண்டுக்கும் இடையே கருவி கூர்மையாக உணரும் புள்ளி ஒன்று உண்டு. அப்புள்ளியில் நிறுத்தி வைப்பதே போஸ் கையாண்ட உத்தி. இன்றைய மின்னணுப் பொறியாளர் இதனைச் சார்பு மின்னழுத்தம் என்பர்.

வங்காளத்தின் வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் இரும்பும் எஃகும் துருப்பிடித்தன. இந்த இடர்ப்பாடே அவரைப் பல உலோகங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தூண்டியது. அலை பட்டால் தடை குறைவதற்கு மாறாகக் கூடும் தன்மை பொட்டாசியத்தில் இருப்பதைக் கண்டார். தட்டாமலே பழைய நிலைக்குத் திரும்பும் அமைப்புகளையும் கண்டார். அவற்றுள் ஒன்றில் சிறு கிண்ணத்தில் பாதரசமும் அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலமும் இருக்கும். இரும்புத் தகடொன்று மேலிருந்து தொட்டுக்கொண்டிருக்கும். மின்சுற்றில் தொலைபேசிக் கேட்பி ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். இதுபற்றிய கட்டுரை 1899 ஏப்ரலில் இலண்டன் அரச கழகத்தில் வாசிக்கப்பட்டு வெளியிடப்பட்டது.

1901 திசம்பர் 12 அன்று மார்க்கோனி, நியூபவுண்ட்லாந்தில் பட்டம் ஒன்றில் கட்டிய கம்பியின் மூலம் அத்திலாந்திக்கின் மறுகரையிலிருந்து வந்த குறிப்பொலியைக் கேட்டதாக அறிவித்தார். அன்று அவர் பயன்படுத்தியது தொலைபேசிக் கேட்பியுடன் கூடிய பாதரச உணர்கருவி. அது இத்தாலியக் கடற்படையின் கருவி என்று அழைக்கப்பட்டது. மார்க்கோனிக்கு அதைத் தந்தவர் கடற்படை அலுவலர் லூயிஜி சொலாரி. அதன் மூலம் போஸின் 1899 ஆம் ஆண்டுக் கட்டுரையே என்று புரோபிர் பந்தோபாத்தியாய் 1998 இல் விரிவாக வாதிட்டார். இதை ஏற்காத வரலாற்றாசிரியரும் உளர். கட்டுரை முன்னரே அச்சில் வந்திருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் போஸ் வானொலியைக் கண்டுபிடித்தார், மார்க்கோனி திருடிக்கொண்டார் என்று இந்திய நூல்கள் சில எழுதுவது மிகை. தொலைதூரச் செய்தித் தொடர்பைத் தொழிலாக வளர்ப்பது போஸின் நோக்கமாக இருந்ததில்லை.

கலீனாவும் காப்புரிமையும்

ஈயச் சல்பைடு கனிமமான கலீனாவின் மீது உலோக முனையை மெல்லத் தொடவைத்து மின்கலத்துடன் இணைத்தால், மின்காந்த அலை படும்போது மின்னோட்டம் மாறுகிறது. ஒளி பட்டாலும் அவ்வாறே மாறுகிறது. ஒரே கருவி வானொலி அலையையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உணர்வதால் போஸ் இதனைச் செயற்கை விழித்திரையாகக் கருதினார். சல்பைடுப் படிகங்கள் மின்னோட்டத்தை ஒரு திசையில் மிகுதியாகவும் மறுதிசையில் குறைவாகவும் கடத்துவதை கார்ல் பெர்டினான்ட் பிரவுன் 1874 இலேயே கண்டிருந்தார். ஆனால் அத்தகைய படிகத்தை அலை உணரப் பயன்படுத்திய முதல்வர் போஸ் ஆவார். திரிதடையத்தைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான வால்டர் பிராட்டெய்ன், 1955 இல் பியர்சனுடன் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் இச்சிறப்பைப் போஸுக்கே அளித்தார்.

கண்டுபிடிப்பிலிருந்து பொருளீட்டுவதைப் போஸ் விரும்பவில்லை. 1901 இல் இலண்டனில் சொற்பொழிவாற்ற இருந்தபோது கம்பியில்லாத் தந்தித் தொழிலதிபர் ஒருவர் காப்புரிமைப் படிவத்தோடு வந்து, விவரங்களை மேடையில் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் தாம் மறுத்ததையும் நண்பர் இரவீந்திரநாத் தாகூருக்கு எழுதினார். நோர்வே வயலின் கலைஞர் ஓலே புல்லின் துணைவியாரும் அமெரிக்கருமான சாரா புல், சகோதரி நிவேதிதை ஆகியோரின் வற்புறுத்தலாலேயே 1901 செப்டம்பர் 30 அன்று கலீனா கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பிக்கப்பட்டது. 1904 மார்ச் 29 அன்று 755,840 என்ற எண்ணுடன் காப்புரிமை கிடைத்தது. அதில் பாதி உரிமை சாரா புல்லின் பெயரில் இருந்தது. போஸ் அதனைப் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டுவிட்டார்.

இம்முடிவைப் பெருந்தன்மை என்று போற்றுவதே வழக்கம். அதற்கு ஒரு விலையும் இருந்தது. 1906 இல் அமெரிக்காவில் டன்வுடி, பிக்கார்டு ஆகியோர் பிற படிகங்களைக் கொண்ட உணர்கருவிகளுக்குக் காப்புரிமை பெற்றுச் சந்தைக்குக் கொண்டு வந்தனர். படிக வானொலிப் பெட்டிகள் உலகெங்கும் பரவியபோது கல்கத்தாவில் தொடங்கிய பணி பலர் நினைவில் இல்லை. 1909 ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசை மார்க்கோனியும் பிரவுனும் பகிர்ந்துகொண்டனர்.

தாவர ஆய்வுகள்

தொடர்ந்து பயன்படுத்தினால் தம் உணர்கருவி களைப்படைவது போல் உணர்வு குன்றுவதையும், ஓய்வுக்குப் பின் மீள்வதையும் போஸ் கவனித்திருந்தார். உயிருள்ளவற்றின் தசையும் இவ்வாறே நடந்துகொள்கிறதே என்ற வினா அவரை இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு இட்டுச் சென்றது. 1901 சூன் மாதம் அரச கழகத்தில் இதனை எடுத்துரைத்தபோது உடலியங்கியல் அறிஞர் பர்டன்-சாண்டர்சன் கடுமையாக எதிர்த்தார்; கட்டுரை அச்சேறாமல் கிடப்பில் போடப்பட்டது. 1902 இல் போஸ் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

தொட்டாற்சிணுங்கியும், தானாகவே சிற்றிலைகளை அசைக்கும் தொழுகண்ணியும் இவருடைய முதன்மையான ஆய்வுச் செடிகள். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவி கடிகாரப் பொறியமைப்பின் உதவியோடு புகைபடிந்த கண்ணாடித் தகட்டில் பதிவு செய்தது. செடிகளுக்கு விலங்குகளை ஒத்த நரம்பு மண்டலம் உண்டு என்ற இவரது முடிவை அறிவியலுலகம் அவ்வடிவில் ஏற்கவில்லை. செடிகளுக்குள் மின்குறிப்புகள் பரவுகின்றன என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது.

1915 இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917 இல் சர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு தம் பிறந்தநாளான நவம்பர் 30 அன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை எடுக்கப்படாது என்பதைத் தொடக்க உரையிலேயே அறிவித்தார். 1920 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குறைந்த மின்திறன் மின்னணுவியலில் தாக்கம்

படிக வானொலிப் பெட்டிக்கு மின்கலமே தேவையில்லை. நிலையத்திலிருந்து வரும் அலையின் ஆற்றலே படிகத்தால் ஒருதிசை மின்னோட்டமாக மாறிக் கேட்பியை ஒலிக்கச் செய்கிறது. சுற்றுப்புறத்திலிருந்து ஆற்றலைத் திரட்டி இயங்கும் மின்னணுக் கருவிகளுள் மக்களிடையே பரவிய முதல் கருவி இதுவே எனலாம். உலோக முனை குறைக்கடத்தியைத் தொடும் அதே அமைப்பு ஷாட்கி இருமுனையம் என்னும் வடிவில் இன்றும் வழங்குகிறது. கடைகளில் பொருள்களின்மேல் ஒட்டப்படும் மின்கலமற்ற வானலை அடையாள வில்லைகளிலும், வானலையிலிருந்து மின்திறன் திரட்டும் பிற சுற்றுகளிலும் இத்தகைய இருமுனையங்கள் பயன்படுகின்றன.

இத்துறையின் சிக்கலைத் தமிழ்நாட்டுச் சூழலில் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. அங்குள்ள கரிசல் வயல் ஒன்றில் மண்ணின் ஈரத்தை அளந்து வானலை வழியே தெரிவிக்கும் கருவியை நடுவதாகக் கொள்வோம். மின்கம்பி அங்கு எட்டாது. பொத்தான் வடிவ மின்கலம் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர்-மணி. வானலைப் பகுதி 10 மில்லிஆம்பியர் இழுத்துக்கொண்டு இடைவிடாது விழித்திருந்தால் 22 மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்துவிடும். பெரும்பொழுது உறங்கி, கணநேரம் மட்டும் விழித்து, சராசரியை 10 மைக்ரோஆம்பியருக்குள் வைத்தால் 22,000 மணி நேரம், அதாவது இரண்டரை ஆண்டு கிடைக்கும். உள்ளங்கையளவு சூரியத் தகடும் மீள்மின்னேற்றக் கலமும் சேர்ந்தால், கலம் தேயும் வரை மாற்ற வேண்டியதில்லை.

உறங்கும் கருவியை வெளியிலிருந்து எழுப்ப வேண்டுமானால், ஏறத்தாழ மின்செலவே இல்லாமல் அலைக்காகக் காத்திருக்கும் வாங்கி ஒன்று வேண்டும். அலை வரும்வரை மின்கலத்தை மூடி வைத்திருந்த கோஹியரர் செய்ததும் அதுவே. இன்றைய எழுப்பு வாங்கிகளைப் போஸின் கருவியின் நேரடி வழித்தோன்றல்கள் என்று கூறுவதற்கில்லை. அவர் எதிர்கொண்ட கேள்வியையே அவை எதிர்கொள்கின்றன.

இறுதிக் காலமும் நினைவுகளும்

போஸ் 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் காலமானார். இவ்வூர் இன்று சார்க்கண்டு மாநிலத்தில் உள்ளது. அபலா 1951 வரை வாழ்ந்தார்.

வங்காள மொழியில் அறிவியல் புனைகதை எழுதிய முதல்வர்களுள் ஒருவராகவும் போஸ் கருதப்படுகிறார். 1896 இல் கூந்தல் எண்ணெய் வணிகர் ஒருவர் நடத்திய கதைப் போட்டிக்காக இவர் எழுதிய கதையில், கடலில் ஊற்றிய கூந்தல் எண்ணெய் புயலை அடக்கிவிடுகிறது.

அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்த 12 மீட்டர் வானொலித் தொலைநோக்கியில், 1.3 மில்லிமீட்டர் அலைகளை வாங்கும் கருவி ஒன்று போஸின் நூறாண்டுப் பழைய கருத்துகள் சிலவற்றைப் பயன்படுத்தி அமைக்கப்பட்டதாக வானியலாளர் டேரல் எமர்சன் 1997 இல் எழுதினார். நிலவின் கிண்ணக்குழி ஒன்று போஸின் பெயரைத் தாங்கியுள்ளது. சிப்பூரிலுள்ள இந்தியத் தாவரவியல் பூங்கா 2009 இல் இவர் பெயரால் அழைக்கப்படலாயிற்று. 1894 முதல் 1896 வரையிலான இவரது மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ 2012 இல் தன் மைல்கல் பட்டியலில் சேர்த்தது. போஸ் தம் கையால் பயன்படுத்திய கருவிகள் பல கொல்கத்தாவிலுள்ள போஸ் ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.